நேபாள மலையூர் கிளினிக்: தடுப்பூசிக் குளிர்பெட்டி பற்றி அறிந்தவர்கள் உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த், பிறை வட்டாரத்து நண்பர்கள் சிலர், 2015 ஏப்ரல் 25ஆம் நாள் 7.8 அளவிலான நிலநடுக்கத்துக்கு மையமாக இருந்த நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில், அவ்வூர் மக்களோடு சேர்ந்து ஒரு சிறிய கிளினிக் கட்டும் பணியில் இறங்கியிருக்கிறோம். அடித்தளம், கதவு சன்னல்களின் மேல்மட்டம், கூரையடி ஆகிய இடங்களில் சுவரைச் சுற்றிக் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை போடுவதென அங்குள்ள பொறியாளர் முடிவுசெய்துவிட்டார். அதில் எங்களுக்கு ஐயமில்லை.

எங்களைத் தடுமாற வைப்பது குளிர்பெட்டிதான். தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். வெப்பம் மட்டுமே பகை என்று எண்ணியிருந்த எங்களுக்கு, ஹெப்பாடைட்டிஸ் பி போன்ற சில தடுப்பூசிகள் உறைந்தாலும் வீணாகிவிடும் என்பது புதுச் செய்தி. மின்தடை மிகுந்த ஊர் என்பதால், பேட்டரி இல்லாமல் சோலார் தகடுகளிலிருந்து நேரே இயங்கி, பகலில் பனிக்கட்டியாகச் சேமித்த குளிரைக் கொண்டு இரவைக் கடத்தும் பெட்டியே ஏற்றதென நான் கருதுகிறேன்.

இத்தகைய பெட்டிகளைப் பொருத்தியோ பழுதுபார்த்தோ பழகியவர்கள், மருத்துவக் கருவிப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள், மலை நிழலும் பருவமழை மேகமும் சூழும் இடத்துக்கு எத்தனை தகடுகள் வேண்டும் எனக் கணக்கிட்டுத் தர இயலுமா? நாங்கள் பணம் கேட்கவில்லை. பினாங்கில் எங்கிருந்தாலும் வரைபடத்தோடு நேரில் வந்து சந்திக்கிறோம். தீபாவளிக்கு முன் பெட்டியை வாங்கியாக வேண்டும்.