மறு: எல்லாமே "கைவினைக் கம்பளம்" தானா?

வணக்கம்.

கம்பளங்களைப் பற்றி எழுதும் பத்திரிகைக் கட்டுரைக்கு ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எப்படிப் போடுவது என்று தம்பி நேற்று அனுப்பியதில் இந்த இரண்டு வரிதான் உறுத்துகிறது:

> ஹேண்ட் நாட்டட், ஹேண்ட் டஃப்டட், ஹேண்ட் வோவன் எல்லாம் கையால் செய்வதுதானே, எல்லாவற்றுக்கும் "கைவினைக் கம்பளம்" என்று போட்டுவிட்டு மேலே போகலாம் என்று நினைக்கிறேன்.
> ஓரியண்டல் ரக் = கீழைத்தேயக் கம்பளம். சரியா?

இரண்டுமே சரியில்லை தம்பி. நான் தமிழ் படித்தவன் இல்லை. பெரம்பூரில் திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிற கடை வைத்திருக்கிறேன், ஓரம் பிரிந்த கம்பளங்களை எடுத்துக்கொண்டு வருவார்கள், ஓரம் அடித்துக் கொடுப்பேன். அதனால் கம்பளத்தின் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் "கீழைத்தேய". யாருக்குக் கீழை? லண்டனில் உட்கார்ந்திருப்பவனுக்குத் துருக்கியும் ஈரானும் கிழக்கு. காசிமேட்டில் நின்று கிழக்கே பார்த்தால் கடல்தான் தெரியும், ஈரான் நமக்கு மேற்கே இருக்கிறது. இந்தச் சொல்லை அப்படியே தூக்கி வந்தால் படிக்கிறவர் ஜப்பானையோ சீனாவையோ நினைப்பார். நாம் துணிக்கும் பாய்க்கும் ஊர்ப்பெயர் வைத்துப் பழகியவர்கள்: காஞ்சிபுரம் பட்டு, பத்தமடைப் பாய், பவானி சமுக்காளம். அதே வழியில் ஈரான் கம்பளம், காஷ்மீர் கம்பளம், உத்தரப் பிரதேசத்துப் பதோஹி கம்பளம் என்று போனால் என்ன? (ஊர்ப்பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது, நம் சவுகார்பேட்டையை ஆங்கிலத்தில் எழுதினால் உள்ளேயே ஒரு கார்ப்பெட் இருக்கும். சாகுகார்கள் இருந்த பேட்டை அது, கம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடைக்கு வந்த ஒரு பையன் அங்கேதான் கார்ப்பெட் மலிவு என்று அடித்துச் சொன்னான்.)

இப்போது பெரிய விஷயம். "கைவினை" என்ற சொல் உண்மையை மூடுகிறது. எப்படி என்று என் சொந்தக் காசில் கற்றுக்கொண்டேன்.

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு ஹாலுக்கு ஐந்துக்கு ஏழு அடியில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் "முழுக்கக் கையால செஞ்சது சார்" என்றார், பில்லிலும் அப்படித்தான் இருந்தது. நல்ல செங்கல் நிறம், நடுவில் பதக்கம், இரண்டு முனையிலும் வெள்ளைக் குஞ்சம். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது ஹாலில் கணுக்கால் வரை தண்ணீர். பீரோவைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இதை யார் கவனித்தார்கள். வடிந்தபின் நானும் மகனும் இரண்டு பக்கமும் பிடித்து மொட்டை மாடிக்கு ஏற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டோம். நான்கு நாள் காய்ந்தது. சுருட்டலாம் என்று மடித்தால் பின்னால் இருந்த துணி அப்பளம் மாதிரி தனியாக உரிந்து வருகிறது, உள்ளே இருந்து சுண்ணாம்புப் பொடி போல வெள்ளையாகக் கொட்டுகிறது, பழைய டயர் நாற்றம் வேறு. இழுத்தால் கம்பளி நூல் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. குஞ்சத்தைப் பார்த்தேன், மெஷினில் தைத்த பட்டி! தையல்காரனாகிய நான் வாங்கும்போது அதைப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. கடையில் போய்க் கேட்டேன். கையால் செய்ததுதானே, பொய்யா சொன்னோம் என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கோளாறு. சட்டகத்தில் இழுத்துக் கட்டிய துணியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைக் குத்திக் குத்தி இறக்குவார்கள், அந்தக் கருவியைப் பிடித்திருப்பது கைதான். குத்திய நூல் நிற்க ஒன்றும் கிடையாது என்பதால் பின்பக்கம் ரப்பர் பால் பசையைத் தடவி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டி மூடிவிடுவார்கள். இதுதான் டஃப்டட். பசையில் சுண்ணாம்புத் தூள் கலப்பதால்தான் எனக்கு மாடியில் அந்தப் பொடி கொட்டியது. புயலே வராவிட்டாலும் வருஷங்கள் போனால் பசை காய்ந்து உதிரத்தான் செய்யும்.

நாட்டட் வேறு சாதி. தறியில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, இழுத்துக் கட்டி, இரண்டு பாவு நூலைச் சேர்த்து ஒரு துண்டுக் கம்பளி நூலை முடிந்து அறுப்பார்கள். பக்கத்தில் அடுத்த முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கு நூலான ஊடையை ஓட்டிச் சீப்பால் தட்டி இறுக்குவார்கள், அப்புறம் அடுத்த வரிசை. ஒவ்வொரு முடிச்சும் படத்தில் ஒரு புள்ளி. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று வைத்தால் ஆறுக்கு நான்கு அடிக் கம்பளத்தில் 3,45,600 முடிச்சு வரும். நாளைக்கு 8,000 முடிச்சு போடுகிற கை என்றாலும் நாற்பத்து மூன்று நாள் ஆகும், அதுவும் தறி கட்டுவது, கழுவுவது, மேலே கத்தரித்துச் சமன் செய்வது எல்லாம் சேர்க்காமல். காஷ்மீரில் தாலீம் என்று ஒரு குறிப்புத் தாள் உண்டு, எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைக் குறியீடாக எழுதியிருப்பார்கள், ஒருவர் அதை உரக்கப் படிக்க மற்றவர்கள் முடிவார்கள்.

அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தில் ஒரு கல்லறையில் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த கம்பளத்தை 1949-இல் ருடென்கோ என்ற ரஷ்ய அகழாய்வாளர் எடுத்தார். சுமார் 2,300 வருஷத்துக்கும் முந்தையது, இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் முடிச்சுத்தான்.

ஆகவே என் பரிந்துரை: நாட்டட் = முடிச்சுக் கம்பளம். டஃப்டட் = ஒட்டுக் கம்பளம். "கை" என்பதை இரண்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள். சொல்லிலேயே எது தாங்கிப் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் வாங்குகிறவர் தானாகவே திருப்பிப் பார்ப்பார். முடிச்சாக இருந்தால் முன்னால் உள்ள படம் பின்னாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும், துணி ஒட்டியிருக்காது. மேலும் கை என்றால் யாருடைய கை என்ற கேள்வியும் உண்டே. குழந்தைகளைத் தறியில் உட்கார வைத்த கதை இந்தத் தொழிலுக்கு இருக்கிறது. குழந்தை உரிமைக்காகப் போராடும் கைலாஷ் சத்யார்த்தி 1994-இல், குழந்தைகளை வேலை வாங்காமல் செய்த கம்பளம் என்று காட்ட ரக்மார்க் முத்திரையைத் தொடங்கியது அதனால்தான், இப்போது அதற்கு குட்வீவ் என்று பெயர். கட்டுரையில் அதையும் ஒரு வரி சேருங்கள்.

மூன்றாவதான ஹேண்ட் வோவன், அதாவது தட்டையாக நெய்கிற ஃப்ளாட்வீவுக்குப் புதுச் சொல்லே வேண்டாம், சமுக்காளம் என்று எழுதுங்கள். முடிச்சு கிடையாது, பாவு நூலை மூடிக்கொண்டு ஊடைதான் நிறம் காட்டும். கிலீம் என்பது துருக்கிச் சமுக்காளம், அவ்வளவுதான்.

குஞ்சம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முந்தானை முனையில் மிஞ்சிய பாவு நூலைச் சேர்த்து முடிவதுதானே குஞ்சம்? முடிச்சுக் கம்பளத்திலும் அச்சு அசலாக அதே கதை, பாவு நூலே வெளியே நீண்டிருக்கும். என் வீட்டில் இருந்ததோ ரெடிமேட் குஞ்சம் வாங்கித் தைத்த பாலியஸ்டர் சேலை மாதிரி. அதே போல பார்டருக்குக் கரை, நடுப்பகுதிக்கு உடல். சேலைக் கடைக்குப் போய் வந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கடைசியாக "பைல்", கம்பளத்தின் முகத்தில் எழும்பி நிற்கிற நூல். தம்பி "பைல் உயரம்" என்று எழுதியிருக்கிறார். நம் பக்கத்துச் சுவர்களில் என்னென்ன போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்று தெரியுமல்லவா? பைல் என்றால் அதுதான் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் அலுவலகக் கோப்பு. எம்.சி. ரோட்டில் டர்க்கி டவலை எப்படிக் கேட்கிறோம்? தேங்காய்ப்பூ துண்டு. நூல் மேலே எழும்பி நிற்பதை ஊர் ஏற்கெனவே "பூ" என்று சொல்லிவிட்டது. பூ உயரம், பூ சாயும் பக்கம். ஒரு பக்கம் நின்றால் வெளுப்பாகவும் எதிர்ப்பக்கம் நின்றால் இருட்டாகவும் கம்பளம் தெரிவது பூ சாய்வதால்தான், வாங்கும்போது இரண்டு பக்கமும் நின்று பாருங்கள்.

நீளமாகிவிட்டது, மன்னிக்கவும்.

———

ராயபுரம் டீச்சர் எழுதியது:

கடைக்காரரே, தேங்காய்ப்பூவுக்கே உங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம், அதுவும் தேங்காய்ப்பூ துண்டிலேயே. ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

"ஒட்டுக் கம்பளம்" என்றால் கிழிந்து ஒட்டுப்போட்டது என்று படுகிறது. என் பாவாடைக்கு அம்மா போட்ட ஒட்டுதான் கண்ணில் வருகிறது. "குத்துக் கம்பளம்" என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் குத்து என்றால் கையுறை மாட்டிக்கொண்டு மேடை ஏறிவிடுவார்கள். பசைக் கம்பளம் என்றால் என்ன?

"பூ" என்று மட்டும் விட்டால் பூ வேலைப்பாடு என்று எடுத்துக்கொள்வார்கள். கம்பளத்தில் பாதிக்கு மேல் பூவும் கொடியும்தானே. "அடர்ந்த பூ" என்று எழுதினால் எதை நினைப்பது? முதல் தடவை "நூற்பூ" என்று எழுதிவிட்டு அப்புறம் பூ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயர் விஷயத்திலும் எனக்குச் சந்தேகம். முடிச்சில் இரண்டு வகை, இரண்டு பாவு நூலையும் சுற்றுவது ஒன்று, ஒன்றை மட்டும் முழுக்கச் சுற்றி அடுத்ததன் பின்னால் போவது இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு ஈரானில் உள்ள சென்னே என்ற ஊரின் பெயரை வைத்துவிட்டார்கள், அந்த ஊர்க்காரர்களோ முதல் வகையைத்தான் போடுகிறார்கள். ஊர்ப்பெயரை நம்பி இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

இன்னொன்று, தம்பியின் தலைப்பு "வீட்டுக்கு வெதுவெதுப்பூட்டும் கம்பளங்கள்" என்று இருக்கிறது. சென்னையில்? வைகாசியில் யாராவது இதைப் படித்தால் பத்திரிகையைத் தூக்கி எறிவார்கள்.

———

பெரம்பூர் கடைக்காரர் எழுதியது:

டீச்சர், பசைக் கம்பளம் ஏற்றுக்கொண்டேன். "பசையுள்ள பார்ட்டி" என்று ஒரு பேச்சு இருக்கிறது, பரவாயில்லை, விற்கிறவர் கையில் பசை சேருகிறது என்பதும் உண்மைதானே. நூற்பூ அருமை, எனக்கு இந்தச் சொற்புணர்ச்சியெல்லாம் தோன்றாது. ஊர்ப்பெயர் எங்கே நெய்தது என்பதற்கு மட்டும் இருக்கட்டும், முடிச்சு வகைக்கு வேண்டாம். இருசுற்று, ஒருசுற்று என்று வைத்தால் நீங்கள் சொன்ன விளக்கம் சொல்லிலேயே இருக்கிறது.

வெதுவெதுப்பு பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. மார்கழிக் காலையில் டைல்ஸில் கால் வைத்தால் என் அம்மாவுக்குச் சில்லென்று ஏறும், அந்த ஒரு மாதத்துக்கு வேண்டுமானால் சொல்லலாம். மற்றபடி ஆங்கிலத்தில் வார்ம் என்று சொல்வதை நாம் "களை" என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டில் அந்தக் கம்பளத்தை எடுத்தபின் ஹால் மொட்டையாகிவிட்டது, பேசினால் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, டி.வி. சத்தம் காதை அடைக்கிறது. "வீட்டுக்குக் களை சேர்க்கும் கம்பளங்கள்" என்று தலைப்பை மாற்றச் சொல்லுங்கள்.

தம்பிக்கு, கேட்டதற்காக: பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால் என்றால் ஐந்துக்கு ஏழு போதும், சோபாவின் முன்கால் இரண்டும் கம்பளத்தின்மேல் ஏறியிருக்கட்டும், சுற்றிலும் தரை தெரியட்டும். வாங்குவதற்கு முன் பழைய பெட்ஷீட்டை அந்த அளவுக்கு மடித்து விரித்து நான்கு நாள் நடந்து பாருங்கள், எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள், பால்கனி வெயிலில் ஒரே பக்கம் மட்டும் வெளுக்காது. கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும், சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வெளிச்சமே படாத பகுதியில்தான் ஆரம்பிக்கும். வெள்ளம் வந்தால் முடிச்சுக் கம்பளமும் நனையும், சாயம்கூட இறங்கலாம், ஆனால் அலசிக் காயவைத்துத் திரும்ப விரிக்க வழி உண்டு. எங்கள் தெருவுக்கு நான் பவானி சமுக்காளத்தையே சொல்வேன், தண்ணீர் வருகிறது என்றால் சுருட்டிப் பரணில் போட்டுவிடலாம். சமுக்காளம் என்றால் கல்யாண மண்டபத்துச் சாமான் என்று முகம் சுளிக்கிறவர்கள் கிலீம் என்றதும் ஆயிரக்கணக்கில் எடுத்து நீட்டுவதைக் கடையிலேயே பார்க்கிறேன்.

ஒரு சொல் மட்டும் மிச்சம் இருக்கிறது. கையால் சாயம் போட்ட நூல் தீர்ந்து அடுத்த பானை நூலுக்கு மாறும்போது அதே சிவப்பு கொஞ்சம் வெளுத்தோ அடர்ந்தோ பட்டையாகத் தெரியும். அதை அப்ராஷ் என்கிறார்கள், குறையாக நினைப்பதில்லை, தெரிந்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். கடையில் காஜா எடுக்க வரும் அம்மாவிடம் ஒரு பழைய கம்பளத்தைக் காட்டி இதை என்னவென்று சொல்வீர்கள் என்றேன். "நெறம் ஏறி எறங்கி இருக்குது" என்றார். ஏறுநிறம்? நிற ஏற்றிறக்கம்? இரண்டுமே நாக்கில் நிற்கவில்லை. யாரிடமாவது நல்லது இருந்தால் போடுங்கள், வெள்ளிக்கிழமை தம்பி கட்டுரையை அனுப்ப வேண்டுமாம்.