ஏலியன் (1979) வீட்டுத் திரையில்: இருட்டை இருட்டாகவே விடுங்கள்

"ஒரே இருட்டு, ஒண்ணுமே தெரியல." ஏலியனை டிஸ்க்கில் மறுபடி போட்டுப் பார்க்கும் பலர் முதலில் சொல்வது இதுதான். உடனே ரிமோட்டை எடுத்து பிரைட்னஸை ஏற்றுவார்கள். படம் கெடுவது அங்கேதான். இயக்குநர் ரிட்லி ஸ்காட்டும் ஒளிப்பதிவாளர் டெரெக் வான்லின்ட்டும், விண்கலத்துக்குள் புகுந்து ஆட்களை வேட்டையாடும் அந்த ஜந்துவை ஒளித்துவைத்திருப்பதே கறுப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் நடுவில். கடைசியில் தப்பிக்கும் ஓடத்தில் அது குழாயோடு குழாயாக முடங்கிக் கிடக்கும். கறுப்பு வெளுத்துவிட்டால், கை நீளும் முன்பே ஆள் மாட்டிக்கொள்ளும். கறுப்பு அமுங்கிவிட்டால் குழாயும் தெரியாது, ஜந்துவும் தெரியாது.

டிவியை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணையுங்கள். பிறகு கறுப்புப் பட்டைகள் உள்ள டெஸ்ட் பேட்டர்ன் ஒன்றைப் போட்டு, 16 என்ற பட்டையும் (வீடியோவில் முழுக்கறுப்பு அதுதான்) அதற்குக் கீழே உள்ளவையும் மறையும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். 18, 19 மங்கலாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம். பகல் வெளிச்சத்தில் இதைச் செய்தால் வீண்.

பதில்:
பிரைட்னஸை எப்படித் திருப்பினாலும் சரியாகவில்லையா? அப்படியென்றால் எச்டிஎம்ஐ ரேஞ்சை, அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை எந்த எண்களில் அனுப்புகிறது என்பதைப் பாருங்கள். கணினியோ கேம் கன்சோலோ 0–255 அனுப்பி, டிவி 16–235 எதிர்பார்த்தால் நிழல்கள் எல்லாம் தார் பூசியதுபோல் ஆகிவிடும். தலைகீழாக இருந்தால் படம் முழுக்கச் சாம்பல் பூத்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு வேண்டும்; டிஸ்க் பிளேயர் என்றால் 'லிமிடெட்' (16–235).

படம் 2.39:1. சாதாரண 16:9 டிவியில் திரையின் கால் பங்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டையாகவே போகும். எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் எல்சிடியில் அந்தப் பட்டைகள் சாம்பலாக ஒளிர்ந்தால் அது பேக்லைட்டின் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின்) கசிவு. பிரைட்னஸை இன்னும் இறக்க வேண்டாம். டிவிக்குப் பின்னால் 6500 கெல்வின் விளக்கு ஒன்றை மங்கலாக எரியவிடுங்கள், கண்ணுக்குக் கறுப்பு கறுப்பாகத் தெரியும். ஓலெட்டில் இந்தத் தொல்லை இல்லை.

பதில்:
படத்துக்கு 1979, 2003 என இரண்டு வடிவங்கள் உண்டு. எந்த வடிவம் என்று கேட்பவர்களுக்கு: முதல்முறை பார்ப்பவர் என்றால் 117 நிமிட 1979 வடிவம்தான், யோசிக்கவே வேண்டாம். 2003-ல் வந்த 'டைரக்டர்ஸ் கட்' பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்காட்டே பழைய வடிவத்தில்தான் திருப்தி என்று சொன்னவர். 2003 வடிவத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வெட்டி, நான்கு நிமிடம் போல் சேர்த்திருக்கிறார்கள். சங்கிலிகளுக்கு நடுவே ஜந்து தொங்கும் ஷாட் அருமை. கேப்டன் டல்லாஸை ஜந்துவின் கூட்டுக்குள் காட்டும் காட்சியோ, நாயகி ரிப்ளி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் நேரத்தில் வேகத்தடையாக நிற்கிறது.

இரண்டு வடிவமும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், பிரியும் இடங்களில் சில பிளேயர்கள் கண நேரம் தயங்கும். டிஸ்க்கில் கீறல் தேட வேண்டாம். பழைய பால் (PAL, ஐரோப்பா, இந்தியா முதலிய நாடுகளின் டிவி முறை) டிவிடியில் படம் 112 நிமிடத்தில் முடிந்தால் அதுவும் சென்சார் வெட்டு இல்லை: விநாடிக்கு 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டுவதால் நான்கு சதவீதம் வேகம் கூடுகிறது, குரலும் சற்றுக் கீச்சென்று கேட்கும்.

பதில்:
ஒலியைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதல் அரைமணியில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் முணுமுணுப்பார்கள், அது வேண்டுமென்றே செய்தது. வசனம் கேட்கவில்லையென்று மொத்த வால்யூமை ஏற்றினால், கடைசியில் சைரன் அலறும்போது தெருவே எழுந்துவிடும். சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபல் ஏற்றுங்கள். 'நைட் மோட்' (சத்தங்களை ஒரே அளவுக்குச் சமன்செய்யும் அமைப்பு) வேண்டாம். கப்பல் ஊழியர் பிரெட், பூனையைத் தேடிப்போகும் இடத்தில் சொட்டும் தண்ணீரும் சங்கிலிச் சத்தமும் அதில் பேச்சளவுக்கு உயர்ந்து, அமைதியே இல்லாமல் போகும்.

பதில்:
4கே டிஸ்க் (2019) மூல நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தது. கிரெய்ன், அதாவது ஃபிலிமின் பொடிப்புள்ளிகள் தெரியும், தெரியத்தான் வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் பிட்ரேட் (விநாடிக்கு வரும் தரவு) போதாவிட்டால் முதலில் உடைவது முட்டை அறையின் நீலப் பனிமூட்டம்: படிப்படியாகப் பட்டை விழும், கட்டம் கட்டமாகும். (அந்த நீல லேசர், தி ஹூ இசைக்குழு மேடைக்காகப் பக்கத்து அரங்கில் சோதித்துக்கொண்டிருந்தது, இரவல் வாங்கினார்கள்.)

லோக்கல் டிம்மிங் (பேக்லைட்டைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி) உள்ள எல்சிடியில், விண்கலத்தின் தன்னழிப்பு எண்ணிக்கை தொடங்கியபின் வெட்டி வெட்டி மின்னும் வெளிச்சத்துக்கு பேக்லைட் ஈடுகொடுக்காமல் திரையே மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். லோக்கல் டிம்மிங்கை 'லோ'வில் வைத்தால் அடங்கும். வெளிச்சம் மின்னினால் வலிப்பு வரக்கூடியவர் கூட இருந்தால் அந்தப் பகுதி வருமுன் சொல்லிவிடுங்கள், சில விநாடிகளில் முடிகிற மின்னல் இல்லை அது.