61 சிக்னி: பதினைந்து வருடத்தில் நகர்ந்துவிட்ட ஆரஞ்சு ஜோடி

தேனிக்காரன்:
2009 நவம்பரில் தோட்டத்தில் 80 மி.மீ. டெலஸ்கோப் வைத்து, சிக்னஸ் (அன்னம்) விண்மீன் கூட்டத்தில் உள்ள இரட்டை நட்சத்திரமான 61 சிக்னியை நோட்டில் வரைந்திருந்தேன். இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள், அருகில் மங்கலாக ஒரு வெள்ளைப் புள்ளி. 2024 நவம்பரில் அதே நோட்டை மடியில் விரித்து, சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் ஒப்பிட்டேன். ஜோடி அப்படியே இருக்கிறது, ஆனால் வெள்ளைப் புள்ளி இருந்த இடத்தில் இல்லை. அன்றைக்குத் தப்பாக வரைந்துவிட்டேன் என்று நினைத்து ரப்பரைக்கூட கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 5.2 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்) நகர்கிறது என்றால் 15 வருடத்துக்கு 78. ஜோடிக்கு இடையே உள்ள தூரமே சுமார் 31தான்! வெள்ளைப் புள்ளி அங்கேயேதான் இருந்தது, ஜோடிதான் நகர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

மொட்டைமாடி:
எனக்கு ஆரஞ்சே தெரியவில்லை அண்ணா. அம்பத்தூர் மாடியில் 10x50 பைனாகுலர், ஸ்டாண்டில் மாட்டித்தான் பார்த்தேன். இரண்டாகப் பிரிந்தது, ஆனால் இரண்டுமே வெளுப்பு. ஏழு வயது மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, டீ கலரு" என்றாள். மறுபடி பார்த்தேன், வெளுப்புதான். படங்களில் பார்த்துப் பழகியதால்தான் எல்லோரும் ஆரஞ்சு என்கிறார்களோ?

பழைய நோட்டு:
அப்படிச் சொல்லாதீர்கள் தம்பி, உங்கள் மகள் சொன்னதுதான் சரி. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,770 கெல்வின். இவை 4,500, 4,100 அளவில்தான் இருக்கின்றன, வெப்பம் குறைந்தால் நட்சத்திரம் ஆரஞ்சாகும், நிறம் நிஜம். வெளிச்சம் குறைந்தால் நம் கண் நிறத்தை விட்டுவிடும், அவ்வளவுதான். ஃபோகஸை ஒரு துளி கலைத்துப் பாருங்கள், புள்ளி வட்டமாக விரிந்ததும் நிறம் தெரியும். சிக்னஸில் உள்ள டெனப், சாதர், கீனா என்ற மூன்று நட்சத்திரங்களையும் வைத்து ஓர் இணைகரம் போட்டால், சாதருக்கு எதிர் மூலையில் இந்த ஜோடி. கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது ஊர் வெளிச்சத்தின் குற்றம்.

தேனி அண்ணா கண்ட இதே நகர்வைப் பார்த்துத்தான் பியாஸி என்ற வானியலாளர் 1804இல் இதைப் பறக்கும் நட்சத்திரம் என்றார். இவ்வளவு வேகமாக நகர்வது பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பி பெஸல் என்ற வானியலாளர் இதன் தூரத்தை அளந்தார். 1838இல் அவருக்குக் கிடைத்தது சுமார் 10 ஒளியாண்டு, இன்றைய கணக்கு 11.4. என் அனுபவம் சின்னதுதான். 2011இல் நானும் வரைந்தேன், ஆனால் வடக்கு எது என்று குறிக்கவில்லை. இப்போது அந்தத் தாளை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. மகளை வரையச் சொல்லுங்கள் தம்பி, தேதியும் அம்புக்குறியும் போடச் சொல்லுங்கள்.