30 கிராம் உறைக்கு இவ்வளவு தபால் செலவா?

வணக்கம். நூலில் பின்னிய புத்தகக்குறிகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். உறையோடு சேர்த்தாலும் 30 கிராம் வராது. ஆனால் தபால் செலவு பொருளின் விலையைப் போல மூன்று மடங்கு ஆகிறது.

முன்பெல்லாம் கடித உறையில் போட்டு, சிஎன்22 சுங்கச் சீட்டை ஒட்டினால் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு வருடமாகக் கவுன்டரில் உறையை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். “உள்ளே பொருள் இருக்கிறது, கடிதமாக எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். சிறு பொட்டலமாகத்தான் போக வேண்டுமாம். 2 கிலோ வரை போகக்கூடிய வகையில் என் 30 கிராம்!

மெல்லிய உறைக்கு மாறினேன், பயனில்லை. மூன்றாகச் சேர்த்து விற்றுப் பார்த்தேன், யாருக்கும் மூன்று வேண்டாம். கூரியர் இன்னும் அதிகம். மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் நிறுவனம் மாதம் 50 பொட்டலம் கேட்கிறது; என்னிடம் எட்டுதான்.

வரி தனித் தலைவலி. அமெரிக்கா 800 டாலர் வரையிலான சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திய பிறகு அனுப்பிய ஒன்று திரும்பி வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கு 2021 ஜூலையிலேயே போய்விட்டது. அங்கே ஒருவர், வாசலில் வரியோடு கையாளும் கட்டணமும் கேட்டதால் வாங்கவே மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மாதம் பத்துக்கும் குறைவாக அனுப்புகிறவர்கள், டிராக்கிங் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வரியை முன்கூட்டியே கட்டி 50 கிராமுக்குக் குறைவான பொருளை எந்த வழியில் அனுப்புகிறீர்கள்?