கேட் எக்ஸாம்: பர்சென்டைல், கால், கன்வெர்ட்... ஒன்னுமே புரியல, கொஞ்சம் சொல்லுங்களேன்

திண்டுக்கல்_பிகாம்:
எல்லாருக்கும் வணக்கம். பி.காம் கடைசி வருஷம் படிக்கிறேன், எங்க வீட்ல எம்பிஏ பக்கம் யாரும் போனதில்ல. இந்த வருஷம் ஐஐஎம் மாதிரி மேனேஜ்மென்ட் காலேஜ்ல எம்பிஏ சேர்றதுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதலாம்னு இருக்கேன், ஆனா புக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே இந்த வார்த்தைங்கள பாத்தா பயமா இருக்கு. பர்சென்டைல்னா பர்சன்டேஜ்தானா? கால் வந்துச்சு ஆனா கன்வெர்ட் ஆகலங்கறாங்களே, அப்படின்னா என்ன? ஒவ்வொரு ஐஐஎம்முக்கும் தனித்தனியா ஃபார்ம் போடணுமா? எம்பிசி சர்டிபிகேட் இருக்கு, அது போதும்ல?

காவேரிக்கரை:
தங்கச்சி, பர்சென்டைலும் பர்சன்டேஜும் வேற வேற. 95 பர்சென்டைல்னா 95 மார்க் இல்லம்மா, எழுதுனவங்கள்ல நூத்துக்கு 95 பேர் உனக்குக் கீழன்னு அர்த்தம். மொத்த மார்க்ல பாதிய ஒட்டி வாங்குனவங்களுக்கே 99 வந்திருக்கு, அதனால எல்லா கேள்வியும் போடணும்னு பதறாத. தப்புக்கு ஒரு மார்க் போயிடும், ஆப்ஷன் இல்லாம டைப் பண்ற கேள்விக்கு மட்டும் மைனஸ் கிடையாது. கால்னா இன்டர்வியூவுக்கு கூப்பிடுறது, கன்வெர்ட்னா சீட் கிடைக்கிறது. சைட்ல மினிமம் கட்ஆஃப்னு ஒன்னு போட்டிருப்பாங்க, அதைத் தொட்டுட்டா கால் வந்துரும்னு நம்பிடாத, நிஜத்துல அதைவிட மேல போகும்.

ஃபார்ம் ஒன்னுதான், எந்தெந்த ஐஐஎம் வேணும்னு அதுலயே டிக் பண்ணிடணும்.

சேலம்_மாம்பழம்:
எம்பிசி சர்டிபிகேட் போதாது!! இதுக்காகவே லாகின் பண்ணி எழுதுறேன். எம்பிசிங்கறது நம்ம ஸ்டேட் லிஸ்ட், சென்ட்ரல்ல அப்படி ஒரு பிரிவே கிடையாது, அங்க ஓபிசி நான் கிரீமி லேயர்தான் (பிற்படுத்தப்பட்டவங்கள்ல வசதியானவங்கள கழிச்சு மிச்சம் இருக்கறவங்க), முதல்ல உங்க சாதி சென்ட்ரல் லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. சென்ட்ரல் ஃபார்மட்ல, அந்த வருஷம் ஏப்ரல் 1க்கு அப்புறம் தேதி போட்ட சர்டிபிகேட் வேணும். நான் 2024ல எழுதுனேன், ரெஜிஸ்ட்ரேஷன் செப்டம்பர் 13 வரைக்கும்னு சொல்லி 20க்கு தள்ளுனாங்க, எனக்கு சர்டிபிகேட் கைக்கு வந்தது 24ஆம் தேதி. வேற வழியில்லாம ஜெனரல்ல போட்டேன். அப்புறமா ஃபார்ம்ல திருத்தம் பண்ண எடிட் விண்டோ திறந்தாங்க, போட்டோ, கையெழுத்து, டெஸ்ட் சிட்டி இதுதான் மாத்த முடிஞ்சுது, கேட்டகிரிய தொடவே முடியல. எனக்கு ஒரு கால்கூட வரல, அதே பர்சென்டைல் எடுத்த ஃப்ரெண்டுக்கு மூணு வந்துச்சு. அந்த 4 நாள் இன்னும் மனசுல உறுத்துது. படிப்பு அப்புறம், முதல்ல இ-சேவை மையத்துக்குப் போங்க.

காவேரிக்கரை:
அக்கா சொல்றதுதான் முக்கியம், நான் அதை விட்டுட்டேன். இன்னொன்னு, எஃப்எம்எஸ், எஸ்பி ஜெயின் மாதிரி ஐஐஎம் இல்லாத காலேஜ் எல்லாமும் கேட் ஸ்கோர எடுத்துக்குவாங்க, ஆனா அப்ளிகேஷன் தனி, பணமும் தனி. கேட் நவம்பர் கடைசில, 2024ல ரிசல்ட் டிசம்பர் 19தான் வந்துச்சு. ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருந்தா இவங்க கதவ மூடிருவாங்க.

திண்டுக்கல்_பிகாம்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அந்த சர்டிபிகேட்டுக்கு வருமானம் பாப்பாங்களாமே? அப்பா மில்லுல வேலை, கொஞ்சம் நிலமும் இருக்கு.

சேலம்_மாம்பழம்:
வருஷத்துக்கு 8 லட்சம்தான் லிமிட், ஆனா சம்பளமும் விவசாய வருமானமும் அந்த கணக்குல வராது, பயப்படாதீங்க. எம்பிசி சர்டிபிகேட், டிசி, ஆதார், அப்பாவோட சம்பள விவரம் எல்லாம் எடுத்துட்டுப் போங்க. அப்ளை பண்ணதும் ஒரு நம்பர் தருவாங்க, அத பத்திரமா வெச்சு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்டேட்டஸ் பாத்துட்டே இருங்க. நான் பாக்காம விட்டதுலதான் ஒரு வாரம் போச்சு.