பூனைக்குட்டி எடுக்கப் போனபோது எதைப் பார்த்தீர்கள்? – அனுபவப் பகிர்வு

சுமதி, நங்கநல்லூர்:

மகளின் பிடிவாதத்தால் பாரசீகப் பூனைக்குட்டி ஒன்றைப் பார்க்கப் போனோம். விற்பவரின் வீட்டுக் கூடத்திலேயே கூண்டு இருந்தது. அவர் மூலையில் கிடந்த வெள்ளைக் குட்டியைத் தூக்கி மகளின் மடியில் வைத்து, "இதுதான் சாது, சத்தமே போடாது" என்றார். அந்தச் சாதுத்தனம்தான் எனக்கு உறுத்தியது. நலமாக இருக்கும் குட்டி புது ஆளைக் கண்டால் சீறும், முகர்ந்து பார்க்கும், இல்லையென்றால் தலைப்பைப் பிடித்து இழுக்கும். வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தால் உடம்பு சரியில்லை என்றே முதலில் நினைக்க வேண்டும்.

ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ணின் உள்மூலையிலிருந்து வெளுத்த சவ்வு ஒன்று பாதி விழிவரை ஏறியிருந்தது. அது பூனையின் மூன்றாவது இமை. நலமாக விழித்திருக்கும் பூனையிடம் அது கண்ணில் படாது. மூக்கோரம் காய்ந்த சளி. காதுக்குள் காப்பித்தூள் வண்டல்போல் கருப்பாக அப்பியிருந்தது, காது உண்ணியின் வேலை. வெள்ளை முடியும் நீலக்கண்ணும் சேர்ந்த பூனைகளில் பல பிறவியிலேயே காது கேளாதவை என்பதால், தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. காதுதான் கேட்கவில்லையா, திரும்பத் தெம்பில்லையா என்று சொல்ல முடியவில்லை.

வாலைத் தூக்கியதும் விற்பவரின் முகம் மாறியது. பின்புறத்து முடி மஞ்சள் கறையோடு ஈரமாக ஒட்டிக்கிடந்தது. "தீனி மாற்றினோம், அதனால்தான்" என்றார். தாய்ப்பூனையைக் காட்டச் சொன்னேன். "அது ஊரில் இருக்கிறது" என்றார். கிளம்பிவிட்டோம். மகள் பஸ் நிறுத்தம்வரை என்னோடு பேசவில்லை.

கடைசியில் எடுத்தது, அடுத்த தெருவில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே பிறந்த வரிக்குட்டி. தாய் கொழுகொழுவென்று கண்ணெதிரே இருந்தாள். குட்டியின் உதட்டை விலக்கிப் பார்த்தேன், ஈறு நல்ல இளஞ்சிவப்பு. ஈறு வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சியோ குடற்புழுவோ இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சந்தேகப்படலாம். எட்டு வாரம் முடியும்வரை தாயிடமே விட்டுவைத்துப் பிறகுதான் கொண்டுவந்தோம். அதற்குமுன் பிரித்தால் கடிக்கும் அளவையும் நகத்தை அடக்குவதையும் அது யாரிடம் கற்கும்?

கணேசன், தஞ்சாவூர்:

சுமதி அம்மா குட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்களிடம் முன்பு இருந்த குட்டி பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயில் போய்விட்டது. தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும், ஒரு வாய் குடிக்காது. பேரன் உடனே இன்னொன்று கேட்டான். கால்நடை மருத்துவர் கூடாது என்றார். அந்த வைரஸ் வீட்டுக்குள் ஓர் ஆண்டுவரைகூடத் தாங்குமாம்.

அந்தக் குட்டி படுத்த துணி, மலஜலம் கழித்த மண்தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து தரையைத் துடைத்து, அது ஊறும்வரை விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் கழுவினோம். பினாயிலை நம்பாதீர்கள். பூனை ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அந்த மருந்து அப்படியே வயிற்றுக்குள் போகும். பீரோவில் இருந்த அந்துருண்டையையும் எடுத்துவிட்டோம்.

இரண்டாவது குட்டியைத் தடுப்பூசி போட்டு முடித்த பிறகே அழைத்துவந்தோம். 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம்வரை போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி தனி, அது 12 வாரத்துக்குப் பிறகு.

முதல் சில நாட்கள் ஓர் அறை மட்டும் கொடுத்தோம். ஒரு மூலையில் மண்தட்டு, எதிர்மூலையில் சோறு, நடுவில் பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. காசு கொடுத்து வாங்கிய மெத்தையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பெட்டிக்குள்தான் குடித்தனம் நடத்தியது. பழைய இடத்தில் எந்த மணல் பயன்படுத்தினார்களோ அதையே கேட்டு வாங்கிவந்தோம். அதனால் தட்டு பழக்குகிற வேலையே இல்லாமல் போனது.

இளங்கோ, கோவை:

அடுக்குமாடியில் இருப்பவர்கள் குட்டி வருமுன் பால்கனிக்கு வலை அடித்துவிடுங்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றிவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எதிர்வீட்டுப் பூனை காலைத்தான் ஊன்றியது, தாடை உடைந்துவிட்டது. தொட்டியில் லில்லி இருந்தால் தூக்கிக் கொடுத்துவிடுங்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும். நம் மாநில மலரான செங்காந்தளும் நஞ்சுதான். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

பாத்திமா, காயல்பட்டினம்:

நீங்கள் எல்லோரும் தேர்ந்தெடுத்தீர்கள். இங்கே மீன் நறுக்க உட்கார்ந்தால் அதுவாக வந்து பக்கத்தில் அமரும். அப்படி வந்த பெண்பூனைக்கு வயிறு பெரிதாக இருந்தது. புழு என்றார் மாமியார். மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சினை என்றார். ஐந்து மாத வயதிலேயே சினையாகிவிடுமாம், பார்ப்பதற்கு அதுவே குட்டிபோலத்தான் இருந்தது. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த பிறகு கருத்தடை செய்துவிட்டோம்.

சாளை மீனைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்துக் கொடுக்கிறேன். பச்சைச் சாளை வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும். பசும்பால் கொடுத்த அன்றெல்லாம் வயிற்றுப்போக்குதான், நிறுத்திவிட்டேன்.

சுமதி, நங்கநல்லூர்:

பாத்திமா, எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. தயிர்சாதம் போட்டே வளர்க்கலாம் என்று என் மாமா அடித்துச் சொன்னார். பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. இல்லாவிட்டால் பார்வை போகும், இதயம் வீங்கும். அதனால் பொட்டலத் தீனி வாங்குகிறோம், அதில் டாரின் சேர்த்திருக்கிறார்கள். பாக்கெட்டைப் பிரிக்கும்போது மட்டும் மாமா கொல்லைப்புறம் போய்விடுவார்.

கணேசன் ஐயா, ஒரு சந்தேகம். மருமகள் உண்டாகியிருக்கிறாள். பூனையை யாரிடமாவது கொடுத்துவிடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

கணேசன், தஞ்சாவூர்:

கொடுக்க வேண்டாம் அம்மா. எங்கள் மகளுக்கும் இதே பேச்சு வந்தது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றிய பயம் அது. எலி பிடித்துத் தின்னும் பூனைக்கும் பச்சை இறைச்சி தின்னும் பூனைக்கும்தான் அது பெரும்பாலும் தொற்றும். மலத்தோடு வெளியேறிய பிறகும் குறைந்தது ஒரு நாள் ஆனால்தான் மனிதருக்குத் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே மண்தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், அந்த வேலையை மருமகளிடம் விடாதீர்கள், மகன் செய்யட்டும். தோட்ட மண்ணைத் தொட்டால் மருமகள் கை கழுவ வேண்டும், காய்கறியையும் நன்றாகக் கழுவிச் சமையுங்கள். அவளைப் பார்க்கும் டாக்டரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்.