புதுப்பிப்பு: புதுக் கணினிக்கு எஸ்எஸ்டி வாங்கியாச்சு

வீட்டுக்குப் பாகங்கள் வாங்கிச் சேர்க்கும் புதுக் கணினியில் விண்டோஸ் போட சாட்டா எஸ்எஸ்டி (கேபிளில் இணைக்கும் சிப் வட்டு) போதுமா, எம்.2 என்விஎம்இ (மதர்போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி) வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கடைசியில் என்விஎம்இ வகையில் டபிள்யூடி ப்ளூ எஸ்என்580, 1 டிபி வாங்கினேன்.

சாட்டாவின் உச்சம் நொடிக்கு 550 எம்பி சொச்சம். இதில் 4,150 என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் விண்டோஸ் திறப்பதில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே வேலையே சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடிப் படிப்பதுதான். வாங்கும்போது இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தது, கேபிள் தொல்லையும் இல்லை, அதனால்தான் இது.

இதில் டிராம் (எஸ்எஸ்டிக்கென்று தனியாக இருக்கும் தற்காலிக நினைவகம்) இல்லையே என்று ஒருவர் தயங்கினார். இது கணினியின் ராமிலேயே கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்குப் போதும். ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் கியூஎல்சியைத் தவிர்த்து, மூன்று பிட் வைக்கும் டிஎல்சி எடுத்ததுதான் எனக்கு முக்கியம். பெரிய கோப்பு எழுதும்போது கேஷ் (எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான இடம்) நிரம்பினால், மலிவான கியூஎல்சி ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும்.

அப்புறம், மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒரு சாட்டா போர்ட் செத்துவிடும். விண்டோஸ் நிறுவும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் பகுதி (கணினியைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் இருக்கும் இடம்) அதில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பிறகு அதை எடுத்தால் கணினி எழாது.